கரையில் யாருக்குச் சொல்ல வேண்டும்

பதிவாளர் தம் ஐம்பத்தொன்பதாவது வயதுவரை சொன்ன பொய்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். நான்கு பொய்கள், மகள் குழந்தையாக இருந்தபோது கசப்பு மருந்து புகட்டுவதற்காகச் சொன்னவை. அவற்றை யாரும் பொய் என்று சேர்க்க மாட்டார்கள். ஐந்தாவதை அதே மகளின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று சொன்னார்.

“உங்களுக்கு ஒரு தம்பி இருக்கார்னு என் பையன் சொன்னானே, எங்க அவரைக் காணோம்?” என்று சம்பந்தி கேட்டார். மருந்துக்கடை வைத்திருப்பவர். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் எதையும் கேட்பார்.

“கடலோர ஊர்ல துறைமுக அதிகாரியா இருக்கான். லீவு கிடைக்கல.”

சொல்லி முடிப்பதற்குள் காது மடல் சுட்டது. உண்மை என்னவென்றால், தம்பிக்குக் கல்யாணப் பத்திரிகையே போகவில்லை. அவர்கள் குடும்பத்தில் தாத்தா பதிவு அலுவலகம், அப்பா பதிவு அலுவலகம், இவரும் பதிவு அலுவலகம். ஊரில் யார் பிறந்தாலும் இறந்தாலும் இந்த வீட்டுக் கையெழுத்தில்தான் அது நடந்ததாக ஆகும். தம்பியையும் அப்பா அதே அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். எட்டாம் நாள் மதிய இடைவேளையில் அவன் திறந்த பேரேட்டின்மேல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனவன் திரும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து, இந்தக் கடலோர ஊரில் சுற்றுலாப் படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அவன் பேரை எடுக்கவில்லை. அப்பா போன பிறகு, வீட்டோடு சேர்த்து அந்த மௌனமும் பதிவாளருக்கு வந்து சேர்ந்தது. அப்பா காலத்தையும் சேர்த்து இருபத்தெட்டு வருஷம் அது பழுதில்லாமல் காப்பாற்றப்பட்டது.

வருஷத்துக்கு ஒரு கடிதம் மட்டும் தம்பி தன் அண்ணிக்கு எழுதுவான். அந்த அம்மாள் சமையலறையில் நின்று அதை உரக்கப் படிப்பாள். “இங்க வேற யாருமில்லையே, யாருக்குப் படிக்கிறே?” என்று இவர் கூடத்திலிருந்து கேட்பார். “சுவருக்கு” என்று பதில் வரும். சுவருக்குக் கேட்டதெல்லாம் இவருக்கும் தெரியும்.

கல்யாணம் முடிந்து இரண்டு வருஷத்தில் சம்பந்தி ஒருநாள் போன் செய்தார்.

“எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போலாம் சம்பந்தி. உங்க தம்பி ஊர் ரொம்ப அழகா இருக்குமாமே? குகை, தீவு, பறவைன்னு என்னென்னவோ சொல்றாங்க. அவரையும் ஒரு எட்டு பார்த்துடலாம்.”

“அவன் இப்போ வேலை விஷயமா வெளியூர்ல இருக்கான்” என்றார் பதிவாளர். அது ஆறாவது பொய். அன்று இரவு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘நான் குடும்பத்துடன் அங்கே வருகிறேன். சம்பந்தி வீட்டாரும் உடன் வருகிறார்கள். எங்களைக் கண்டால் அறிந்தவனாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.’ நாலே வரி. ஐந்தாம் நாள் பதில் வந்தது. ‘அப்படியே ஆகட்டும். தீவுக்குப் போவதானால் காலையில் வாருங்கள். மதியத்துக்கு மேல் காற்று மாறும்.’

“பிள்ளையை வளர்த்த விதம் அப்படி” என்றாள் மனைவி, கடிதத்தைப் பார்த்துவிட்டு. யாரைச் சொன்னாள், பாராட்டினாளா குத்தினாளா என்று அவர் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம் கேட்டால் பதில் வரும் என்பதுதான் சங்கடம்.

ஊர் நிஜமாகவே அழகு. குன்றிலிருந்து கடல்வரை படிக்கட்டுகளாகவே தெருக்கள் இறங்கின. வீடுகளுக்கு வெள்ளையடித்திருந்தது. சன்னல்தோறும் பூச்சட்டி, மதில்தோறும் காயப்போட்ட வலை, வலைதோறும் ஒரு பூனை. தங்கிய விடுதியின் மாடியிலிருந்து பார்த்தால் வளைகுடா முழுவதும் தெரிந்தது. கரையோரம் பச்சை, நடுவில் நீலம், தூரத்தில் ஈயம்.

முதல் நாள் பிறைநிலா மாதிரி வளைந்த மணல்கரைக்குப் போனார்கள். அலை குடைந்து குடைந்து வாசல் மாதிரி ஆக்கிவிட்ட பாறை வளைவின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ‘பெருமூச்சு’ என்று ஊரார் பேர் வைத்த பொந்து ஒன்று இருந்தது. பாறைக்கு அடியில் கடல் புகுந்ததும் அந்தப் பொந்து வழியாக ஒரு நீண்ட மூச்சு வரும். பிறகு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிடும். மகளும் மாப்பிள்ளையும் நனைந்து சிரித்தார்கள். பதிவாளருக்கு இது எதுவும் கண்ணில் ஏறவில்லை. படகுத்துறைத் தொப்பி போட்டுக்கொண்டு எவன் எதிரே வந்தாலும் அவருக்கு நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது.

“என்ன சம்பந்தி, கடலைப் பார்க்க வந்தீங்களா, ஆளைத் தேட வந்தீங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர். சம்பந்தியம்மாள் அவரை முழங்கையால் இடித்தாள். இடித்ததைப் பதிவாளர் பார்த்துவிட்டார். ஏதோ சந்தேகம் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் பொய்யன் என்று பேர் வாங்குவதா? அவள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? கவலை இதுதான், வேறில்லை.

மறுநாள் காலை தீவுக்குக் கிளம்பினார்கள். தீவுக்குப் போக ஊரில் ஒரே படகுத்துறைதான் உண்டு.

துறை முகப்பில் பலகைக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, மேசைமேல் நீளமான ஒரு பதிவேடு, அதன் பின்னால் தம்பி. இருபத்தெட்டு வருஷத்து வெயில் முகத்தைக் கறுக்க வைத்திருந்தது. ஆனால் தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளியதும், கீழே தெரிந்தது அப்பாவின் நெற்றி. பதிவாளர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“வாங்க, ஆறு பேரா?” என்றான் தம்பி, கண்ணில் ஒரு சலனமும் இல்லாமல். “முதல்ல ரெண்டு சேதி கேட்டுக்குங்க. படகுல எழுந்து நின்னு போட்டோ எடுக்கக் கூடாது. விழுந்தா உங்களைக் காப்பாத்திடுவோம், போனைக் காப்பாத்த மாட்டோம். ரெண்டாவது, குமட்டிச்சுன்னா காத்து வர்ற பக்கம் திரும்பாதீங்க. பக்கத்துல இருக்கிறவங்க ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாங்க.”

சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம்பி கடலுக்குள் கை நீட்டினான்.

“அதோ ஒத்தையா நிக்குதே ஒரு பாறை, அதைச் சுத்திக்கிட்டுதான் படகு போகும். இங்க அதுக்குப் பேரு ‘வளையாதவர்’. எத்தனை காலமா அலை அடிக்குதோ, ஒரு பக்கமும் சாயல. எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் உண்டு.”

“உங்க அப்பாவா?” என்றாள் சம்பந்தியம்மாள்.

“அப்பாவும்தாம்மா. அது பரம்பரை.”

பதிவாளரின் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதிவாளர் முதுகை இன்னும் நிமிர்த்தினார். தம்பி மட்டும் குனிந்து பக்கத்தைப் புரட்டியபடியே, “ஆனா காத்து ஏறிடுச்சுன்னா எல்லாப் படகும் அது மறைவுலதான் போய் ஒதுங்கும்” என்றான்.

பிறகு பதிவு தொடங்கியது. பேர், வயது, கடைசிக் கட்டத்தில் ‘கரையில் யாருக்குச் சொல்ல வேண்டும்’. படகுக்கு ஏதாவது ஆனால் தகவல் சொல்வதற்கு. அந்த ஆள் படகில் வராதவராக இருக்க வேண்டும், ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். சம்பந்தி தம் மூத்த மகனைச் சொல்லிவிட்டு, கொடுத்த பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டார். சம்பந்தியம்மாளும் அவனையே சொன்னாள். மாப்பிள்ளைக்கும் அதே அண்ணன்தான். பதிவாளரின் மனைவி தன் தங்கையைச் சொல்ல, மகளும் “எனக்கும் சித்திதான்” என்றாள்.

பதிவாளர் முறை வந்தது. தம்பி பேரைக் கேட்டான், சொன்னார். எழுதினான். பக்கத்துக் கட்டத்தில் அறுபத்தொன்று என்றும் எழுதினான்.

“வயசு கேக்கவே இல்லையேப்பா?” என்றாள் சம்பந்தியம்மாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

தம்பியின் பேனா ஒரு நொடி நின்றது. “தினம் நூறு பேரைப் பார்க்கிறோம்மா. முகத்துலயே தெரியும்” என்றான். பிறகு, “கரையில யாருக்குச் சொல்லணும் சார்?”

பதிவாளர் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. அப்பா ஒரே பிள்ளை. அம்மா வழியில் இருந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மனைவியும் மகளும் படகில் வருகிறார்கள். நினைத்துப் பார்த்தால், இந்தப் பூமியில் அவருக்கு மிச்சமிருந்த ரத்த சொந்தம் ஒன்றே ஒன்றுதான். அது மேசைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தது.

“பக்கத்து வீட்டுக்காரரைப் போட்டுக்க” என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

“அது செல்லாது சார்.”

“மச்சினியைப் போடு. இவ தங்கச்சிதான்.”

“சம்பந்த வழியும் செல்லாது சார். ஒரு தடவை மழையில படகு தீவுலயே தங்கிடுச்சு. ஒருத்தரோட மச்சானுக்குப் போன் போட்டோம். ‘எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல’ன்னு வெச்சுட்டார். அதுலேருந்துதான் இந்த விதி.”

“ரத்த சொந்தம் மட்டும் பேசிக்கிட்டா இருக்கு?” என்று சம்பந்தி சிரித்தார்.

“பேச்சு நின்னு போகலாம் சார். இந்த மாதிரிச் சேதின்னா போனை வைக்க மாட்டாங்க.”

“அப்போ நான் வரல. நீங்க போயிட்டு வாங்க” என்றார் பதிவாளர்.

“நல்லாருக்கே. நீங்க இல்லாம நாங்க மட்டுமா? அப்படின்னா யாருமே போக வேண்டாம்” என்று சம்பந்தி பாதுகாப்புச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். மகளின் முகம் தொங்கிப்போயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அப்போது தம்பி குரலைத் தாழ்த்தி, “பரவாயில்ல சார். ஏதாவது ஒரு பேரு சொல்லுங்க. நான் தம்பின்னோ அக்கான்னோ எழுதிக்கறேன். யாரும் பார்க்கப் போறதில்ல” என்றான்.

பதிவாளர் அப்போதுதான் அந்தப் பதிவேட்டைச் சரியாகப் பார்த்தார். கோடு பிசகாத கட்டங்கள். அழித்தெழுதிய இடம் ஒன்றில்லை. தவறிப்போன இடத்தில் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். அப்பா பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த முறை அது. எட்டே நாளில் ஓடிப்போனவன், இந்தப் பலகைக் கொட்டகையில் இருபத்தெட்டு வருஷமாக அதைத் தவறவிடவில்லை. அப்படிப்பட்டவன் இப்போது ஒரு பொய்ப் பதிவு எழுதத் தயாராக நிற்கிறான். யாருக்காக?

முப்பத்துநாலு வருஷம் பதிவாளராக இருந்தவர். ஒரு பிறந்த தேதியை ஒருநாள் முன்னே தள்ளச் சொன்னதற்காக ஒரு பெரிய மனிதரையே வெளியே அனுப்பியவர். வாயால் பொய் சொன்னார், சரி. ஏட்டில் பொய் ஏறுவதை, அதுவும் தமக்காகத் தம்பியின் கையெழுத்தில் ஏறுவதை, அவர் முதுகெலும்பு ஒப்பவில்லை.

“பொய்ப் பதிவு எழுதக் கத்துக்கிட்டியா?” என்றார் அதட்டலாக. “எழுது. தம்பி.”

“சார்?”

“உறவு, தம்பி. பேரு, உன் பேரு. முகவரி, இந்தத் துறை. எழுதுடா.”

தம்பி எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

“என்ன முழிக்கிறே? இன்னும் என்ன சார் வேண்டிக்கிடக்கு? அண்ணான்னு கூப்பிடத் தெரியாதா?”

“தெரியும் அண்ணா” என்றான் தம்பி. குனிந்து எழுதினான். ஓர் எழுத்து கோணிப்போய், ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, மறுபடி எழுதினான்.

பதிவாளர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். குற்றவாளி மாதிரிக் குனியவில்லை. சாட்சி சொல்கிறவர் மாதிரி நேராக நின்று சொன்னார்.

“கல்யாணத்தன்னிக்கு நான் சொன்னது பொய். இவன் துறைமுக அதிகாரி இல்ல, வெளியூருக்கும் போகல. லீவு கிடைக்காம வராம இருக்கல, நான்தான் கூப்பிடல. இதுல என் பொண்ணுக்கு ஒரு பங்கும் இல்ல. நீங்க என்ன நினைச்சாலும் அது என்னோட நிக்கட்டும்.”

சம்பந்தியம்மாள் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அப்பாடா” என்றாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை, “அப்பாடா. ரெண்டு வருஷமா இந்த மனுஷனை நாங்க ஜெயில்ல வெச்சிருந்தோம்.”

“என்னையா?” என்றான் தம்பி.

“பின்ன? உங்க பேச்சை எடுத்தாலே உங்க அண்ணன் வெளுத்துப் போயிடுவார். துறைமுக அதிகாரின்னா மனுஷன் பெருமையா இல்ல சொல்லுவான்? இவர் ஏதோ துக்கம் சொல்ற மாதிரி சொல்லுவார். சரி, உள்ள இருக்கார் போலன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்.”

“என்ன குத்தத்துக்கு?”

“நான் கையாடல்னேன். இவர்தான், துறைமுகம்னா கடத்தலாத்தான் இருக்கும்னு சாதிச்சார்.”

“மருந்து கடத்தல்” என்று சம்பந்தி திருத்தினார். “என் தொழில் புத்தி அப்படித்தானே போகும்.”

மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். “அதான் அத்தை என்கிட்ட ஜாடையா, ‘உங்க சித்தப்பா எப்போம்மா வெளிய வருவார்’னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களா? நான் ஆபீஸைக் கேக்கறீங்கன்னு நினைச்சு அஞ்சு மணிக்கு மேலன்னேன்.”

“அதைக் கேட்டு நான் மூணு நாள் தூங்கல” என்றாள் சம்பந்தியம்மாள்.

முதலில் சிரித்தது பதிவாளரின் மனைவி. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அது. பிறகு எல்லாரும். வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள், என்ன ஏதென்று தெரியாமலே. பதிவாளருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முடிச்சு, இருக்கிறது என்றே மறந்துபோன அளவுக்குப் பழைய முடிச்சு, தானே அவிழ்ந்து விழுந்தது. குடும்பப் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று நின்று, கூடப் பிறந்தவனைப் பிறத்தியார் மனசில் கம்பிக்குள் தள்ளியது தாம்தான் என்பதும் உறைத்தது.

“வாங்க அண்ணா, படகு கிளம்பணும்” என்றான் தம்பி. பாதுகாப்புச் சட்டையின் வாரை அவனே இழுத்துக் கட்டிவிட்டான். “மூச்சை விடுங்க. இப்படி விறைச்சிக்கிட்டு நின்னா வார் நிக்காது.”

அவர் மூச்சை விட்டார்.

அன்றுதான் அவர் கடலைப் பார்த்தார். படகு துறையை விட்டதும் அடியில் மணல் தெரியும் பச்சைத் தண்ணீர், அதில் படகின் நிழல் கூடவே வந்தது. ஒற்றைப் பாறையின் மறைவுக்குப் போனதும் காற்று நின்றுவிட்டது. அந்தப் பக்கம் முழுக்கப் பொந்து பொந்தாகப் பறவைக் கூடுகள். தாய்ப்பறவைகள் வருவதும் போவதுமாக ஒரே இரைச்சல். தீவில் உடைந்த சங்குகளாலேயே ஆன ஒரு கரை இருந்தது. நடந்தால் கண்ணாடி வளையல் மாதிரிச் சத்தம் கேட்டது. பதிவாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றார். நண்டு ஒன்று அவர் கட்டைவிரலைப் பரிசீலித்துவிட்டுப் போயிற்று.

“சம்பந்தி, உங்க முழங்காலை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நல்லாப் பார்த்துக்குங்க. இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல.”

மதியம் காற்று மாறுவதற்குள் திரும்பினார்கள். தம்பி கொட்டகையைப் பூட்டிவிட்டு, “வீடு மேல இருக்கு. சாப்பிட வரணும்” என்றான். எல்லாரும் முன்னே படியேற, அண்ணனும் தம்பியும் பின்தங்கினார்கள். நூறு படியாவது இருக்கும்.

“நான் எழுதின கடிதம்…” என்று தொடங்கினார் பதிவாளர்.

“என் வீட்டுக்காரிகிட்ட காட்டல. புருஷனோட அண்ணன் இப்படி எழுதினார்னு தெரிஞ்சா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பா? அண்ணன் வர்றார், ரெண்டாம் நாள் சாப்பிட வருவார்னு மட்டும் சொல்லி வெச்சேன்.”

“நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. வரலைன்னா, அண்ணனுக்குக் கடல்காத்து ஒத்துக்கலைன்னு சொல்லலாம்னு இருந்தேன்.”

பதிவாளர் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கினார். படி செங்குத்து என்பது மட்டும் காரணமல்ல. குடும்ப மானத்தைத் தாம் ஒருவர்தான் தூக்கிச் சுமப்பதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தார். இன்னொரு தோளும் அதற்குக் கீழே இருந்திருக்கிறது.

“உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கணும்” என்றார்.

“ஆமா” என்றான் தம்பி. பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதுவே சரி என்று பதிவாளருக்குப் பட்டது. “கையைக் கொடுங்க. இந்தப் படி கொஞ்சம் வழுக்கும்.”

கொடுத்தார்.

வாசலில் தம்பியின் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் அத்தனை பேர் நடுவில் நேராக அவரைத்தான் பார்த்தாள்.

“வாங்க மாமா. உங்களுக்கு உப்பு தூக்கலா இருக்கணும்னு இவர் எப்பவும் சொல்லுவார். தனியா எடுத்து வெச்சிருக்கேன்.”

“இப்போ ரத்தக் கொதிப்பும்மா” என்றார் பதிவாளர். “உப்பே கூடாதுன்னுட்டாங்க.”

“அடடா” என்று அவள் கணவனை முறைத்தாள். “இதைக்கூட அண்ணாகிட்ட கேட்டு வெச்சுக்க மாட்டீங்களா?”

“நேத்து வரைக்கும் கேக்கிற வசதி இல்ல” என்றான் தம்பி.

“ஒரு நாள்தானே, எடுத்துட்டு வாம்மா” என்றார் பதிவாளர். மனைவி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.